டிசைனுக்குத் தனியாகக் காசு கேட்கலாமா?

6 ஜூலை 2024

என்னைப் போலத் தனியாக டிசைன் வேலை எடுத்துச் செய்யும் ஒரு தம்பி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். கேள்வியை அப்படியே போடுகிறேன்.

"அக்கா, புதிதாகத் திறக்கும் பிரியாணிக் கடைக்கு லோகோ, மெனு கார்டு, போர்டு மூன்றும் சேர்த்து 6,000 ரூபாய் பேசினேன். அட்வான்ஸ் 1,000 கொடுத்தார். ஒரு மாதம் திருத்தம் திருத்தமாகப் போனது. கடைசியில் 'எங்களுக்குத் திருப்தி இல்லை, வேறு ஆளிடம் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டார். போன வாரம் அந்த வழியாகப் போனால் நான் போட்ட லோகோதான் போர்டில் நிற்கிறது. சேவலின் கொண்டை நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஃப்ரீலான்ஸ் என்றால் இப்படித்தானா? விலையைக் குறைத்துக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா?"

கடைசி வரிக்கு முதலில் பதில். கொடுத்திருக்க மாட்டார். 3,000 பேசியிருந்தால் 500 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இதையேதான் செய்திருப்பார். டிடிபி சென்டர் (கம்ப்யூட்டரில் டைப் செய்து பக்கம் அமைத்துக் கொடுக்கும் கடை) காலத்திலிருந்து பார்க்கிறேன், மலிவாகப் பேசிய வேலையில்தான் பணம் அதிகம் வராமல் நிற்கிறது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடைக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். போன் மாறினால் போய்விடும். லோகோவின் ஒவ்வொரு வெர்ஷன் ஃபைலும் பழைய தேதியோடு அப்படியே இருக்கட்டும். போர்டைத் தெருவோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஒரு பார்சல் வாங்கி, பில்லையும் மெனு கார்டையும் பத்திரப்படுத்துங்கள். அட்வான்ஸ் ஜிபேயில் வந்திருந்தால் அதுதான் பெரிய சாட்சி. வேலை கொடுக்கவே இல்லை என்று அவரால் சொல்ல முடியாது.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-இன்படி ஒரு படைப்பு முதலில் படைத்தவருக்கே சொந்தம். மாதச் சம்பளத்துக்கு இருப்பவர் ஆபீஸ் வேலையாகப் போட்டது என்றால் முதலாளிக்குப் போகும். நாம் சம்பள ஆட்கள் இல்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, மீதிப் பணமும் வாங்கவில்லை. மீதி 5,000-க்கு ஒரு பில் அனுப்பி, கீழே இந்த இரண்டு பிரிவையும் ஒரே வரியில் எழுதுங்கள். மிரட்டல் தொனி வேண்டாம்.

6 ஜூலை, இரவு

"காசு கொடுத்துச் செய்யச் சொன்னால் சொன்னவருக்குத்தான் சொந்தம் என்று என் வக்கீல் நண்பர் அடித்துச் சொல்கிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது அதே பிரிவு 17-இன் இன்னொரு உட்பிரிவு. கூலி பேசி எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம், செதுக்கு வேலை, சினிமா, இவற்றுக்குத்தான் அந்த விதி. கல்யாண ஆல்பம் அதில் வரும். லோகோவும் மெனு லே-அவுட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. தம்பி, மெனு கார்டில் உள்ள பிரியாணிப் படத்தை நீங்களே எடுத்திருந்தால் அதை மட்டும் இந்த வாதத்தில் சேர்க்க வேண்டாம்.

8 ஜூலை 2024

இரண்டு நாளாக வந்ததையெல்லாம் படித்தேன். எல்லோரும் கிளையண்டைத் திட்டியிருக்கிறார்கள். திட்டுவதற்குத் தகுதியான ஆட்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. நம் ஊர்களில் டிசைனுக்கென்று பில்லில் ஒரு வரி இருந்ததே இல்லை.

நான் வேலை கற்றது மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு டிடிபி சென்டரில். டைப்பிங்குக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. டிரேசிங் ஷீட், பிளேட், பேப்பர், அச்சுக்கூலி, பைண்டிங், எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுவார்கள். நோட்டீஸில் பார்டர் எப்படி, தலைப்பு எந்த எழுத்தில், படம் எந்தப் பக்கம் என்று யோசித்த நேரத்துக்கு மட்டும் எந்த வரியும் கிடையாது. அது அச்சுக்கூலிக்குள் அடங்கிவிடும். முதலாளிக்கு நஷ்டமில்லை, ஆயிரம் பிரதி அடித்தால் அதில் எடுத்துவிடுவார்.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. சதுர அடிக்கு இவ்வளவு, டிசைன் இலவசம். கடைக்குக் கடை இதே அறிவிப்பு. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் வருகை. கிளையண்ட் நம் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, திரையில் விரலை வைத்து, "மாமா முகத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க, கோவிச்சுக்குவாரு" என்பார். பெரிதாக்குவோம். உடனே சித்தப்பா சின்னதாகத் தெரிவார். அவரையும் பெரிதாக்குவோம். வரிசை முழுக்க ஒரே அளவுக்கு வந்த பிறகு பார்த்தால் காது குத்தப்போகும் குழந்தைக்கு இடம் இருக்காது. மறுபடி முதலிலிருந்து. பின்னால் பென் டிரைவோடு ஆட்கள் காத்திருப்பார்கள். இத்தனை உழைப்புக்கும் விலை கிடையாது என்று கடை வாசலிலேயே எழுதி வைத்து ஜனங்களைப் பழக்கியது நம் தொழில்தான்.

இப்போது பாதி வேலைக்கு அச்சே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் பொங்கல் வாழ்த்து, இன்ஸ்டாகிராம் ஆஃபர் போஸ்ட். பிளேட் கிடையாது, பேப்பர் கிடையாது, சதுர அடி கிடையாது. டிசைன் மட்டும்தான். அதற்கு 500 ரூபாய் என்றால் அவருக்கு நிஜமாகவே புரிவதில்லை. "எதுவும் அடிக்கவே இல்லையேம்மா, எதுக்குக் காசு?" என்று ஒரு ஜவுளிக்கடைப் பெரியவர் என்னிடம் கேட்டார். ஏமாற்றும் எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் அச்சுக்குத்தான் காசு கொடுத்து வந்திருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், பில்லில் டிசைனைத் தனி வரியாகப் போடுங்கள். பிரிண்டிங்கையும் நீங்களே எடுத்துச் செய்கிறீர்களா, அப்போதும் தனி வரி. அச்சுக்கூலியில் கூட்டிப் போட்டால் பேச்சில்லாமல் பணம் வந்துவிடும், எனக்குத் தெரியும். அப்படி வாங்குகிற ஒவ்வொரு பணமும் அடுத்து இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளின் கூலியைப் பூஜ்யத்திலேயே நிறுத்தி வைக்கிறது.

11 ஜூலை 2024

கோவையில் ஆங்கில வேலை மட்டும் செய்யும் ஒருவர், "ஒரு பக்கத் தமிழ் நோட்டீஸை முடிக்க அரை நாள் ஆகும் என்கிறார்களே, அவ்வளவு நேரமா?" என்று கேட்கிறார். தமிழில் செய்து பார்த்தால் தெரியும்.

மேட்டர், அதாவது நோட்டீஸில் போட வேண்டிய வாசகம், எப்படி வரும் தெரியுமா? துண்டுச் சீட்டில் எழுதி, அதைச் சாய்வாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வரும். மீதி வாய்ஸ் மெசேஜில் வரும். இல்லையென்றால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல். அதை யூனிகோடுக்கு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) மாற்றினால் மேற்கோள் குறியும் அடைப்புக்குறியும் வேறு எதுவாகவோ மாறி விழும்; வரி வரியாகப் பார்க்க வேண்டும். அதைப் பழைய போட்டோஷாப்பில் ஒட்டினால் "கோவில்" என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கால் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கும். செட்டிங்கில் எழுத்துப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான முறையைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகும். இது தெரியாமல் கொம்பையும் காலையும் தனித்தனியாக வெட்டி ஒட்டி வேலை முடித்தவர்களை எனக்குத் தெரியும். அவசரத்தில் அதையும் செய்யாமல் விட்ட போர்டுகளை நீங்கள் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்கள்.

தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010-இல். பல அச்சகங்களில் இன்றும் கோரல்டிராவின் பழைய வெர்ஷனும் பழைய எழுத்துருக்களும்தான் ஓடுகின்றன. "எழுத்தையெல்லாம் கர்வாக்கிக் கொடுங்க" என்பார்கள். கர்வாக்கிவிட்டால், அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டால், ஒரு ஒற்றுப் பிழையைக்கூட அங்கே திருத்த முடியாது. ராத்திரி பத்தரை மணிக்கு நமக்குத்தான் போன் வரும்.

மேட்டர் அடிப்பது, பிழை பார்ப்பது, எழுத்துரு மாற்றுவது, இதெல்லாம் டிசைன் வேலை கிடையாது. இதற்கும் தனி வரி போடுங்கள். டைப்பிங் கூலி கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை, கொடுத்துப் பழகிய கூலி அது.

15 ஜூலை 2024

"நைக்கி லோகோவே 35 டாலர்தான், உனக்கு எதுக்கு 8,000?" என்று ஒரு பெண்ணிடம் கிளையண்ட் கேட்டிருக்கிறார். யூடியூப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

1971-இல் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் கரோலின் டேவிட்சன் என்ற டிசைன் மாணவி போட்டது அது. மணிக்கு 2 டாலர் கணக்கில் 35 டாலர் வாங்கினார். வளராத கம்பெனி, படித்துக்கொண்டிருந்த பெண். 1983-இல் அதே கம்பெனி அவரை அழைத்து, அந்தச் சின்னம் பதித்த வைர மோதிரமும் கம்பெனிப் பங்குகளும் கொடுத்தது. கதையைச் சொல்கிறவர் பின்பாதியையும் சொல்ல வேண்டும். உங்கள் கிளையண்ட் பங்கு எழுதித் தருவாரானால் 35 டாலருக்குச் செய்து கொடுங்கள்.

இன்றைய தேதிக்குப் பொருத்தமாக இன்னொன்று. ரூபாய்க் குறியீட்டை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலை 15-இல். வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், மும்பை ஐஐடியில் டிசைன் படித்தவர். தேவநாகரி ரகரத்தையும் ரோமன் எழுத்தையும் இணைத்து, மேலே இரண்டு கோடு. எனக்கு அன்று இருந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை. பரிசு 2.5 லட்சம். ஆனால் அது போட்டி. மூவாயிரத்துக்கு மேல் வரைவுகள் வந்தன, ஐந்து இறுதிச் சுற்றுக்குப் போயின, ஒன்று வென்றது. நாட்டுக்கே ஒரு குறியீடு, விதியையும் பரிசையும் முன்பே அறிவித்த போட்டி என்பதால் விரும்பியவர்கள் தெரிந்தே கலந்துகொண்டார்கள்.

தெருமுனைக் கடைக்காரர் "நாலு பேர்கிட்ட சாம்பிள் கேட்டிருக்கேன், பிடிச்சதுக்குக் காசு" என்பது அந்த வகை இல்லை. மூன்று பேர் வேலையில் பிடித்த துண்டுகளை எடுத்து நாலாவது ஆளிடம் ஒட்டச் சொல்வதுதான் நடக்கிறது. நான் பழைய வேலைகளைக் காட்டுவேன். சாம்பிள் போட மாட்டேன்.

16 ஜூலை 2024

"கேன்வாவில் (யாரும் டிசைன் செய்துகொள்ளும் ஆப்) நானே பண்ணிக்கிறேன் என்கிறார் கிளையண்ட்." பண்ணட்டும். தினம் ஒரு ஆஃபர் போஸ்டுக்கு அது போதும், நாமே சொல்லிக்கொடுக்கலாம். அப்படிச் சொல்லிக்கொடுத்த இரண்டு கடைகள் இன்று பாக்கெட் டிசைனுக்கு என்னிடம்தான் வருகின்றன. ஏஐ பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். 2024-இல் அது போட்டுத் தந்த படத்தில் தமிழ் எழுத்து எழுத்தாக வரவில்லை. அதையே நம்பியிருக்க முடியாது. வேலை தேடும்போது இதையும் மனதில் வையுங்கள்.

19 ஜூலை 2024

திருத்தங்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு. கல்யாணப் பத்திரிகையை வைத்துச் சொல்கிறேன்.

பெண் வீட்டுப் பத்திரிகை. அப்பா மேட்டர் கொடுத்தார், புரூஃப் பார்த்தார், சரி என்றார். மறுநாள் பெங்களூரிலிருந்து அண்ணன், "கலர் பழசா இருக்கு." மாற்றினேன். பெரியப்பா பெயர் அப்பா பெயருக்கு மேலே வர வேண்டும் என்று அம்மா. மாற்றினேன். தாய்மாமன் பெயர் "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியலில் மற்றவர்களோடு சேர்ந்து நிற்கிறது, தனியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் வேண்டும் என்று பாட்டி. மாப்பிள்ளை படிப்பு விட்டுப்போயிற்று என்று அந்தப் பக்கத்துச் சம்பந்தி. அண்ணன் மறுபடி வந்து, "முதல்ல போட்டதே நல்லா இருந்துச்சு."

ஒவ்வொன்றும் நியாயமான பேச்சு. தாய்மாமன் பெயர் தப்பான இடத்தில் விழுந்தால் கல்யாண வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியதை அவர்கள் என் ஃபைலில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரம் என்னுடையது, மின்சாரம் என்னுடையது.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட முறை இது. டிசைன் தொடங்கும் முன் மேட்டர் மட்டும் வெறும் எழுத்தாகப் போகும். அலங்காரம் எதுவும் இருக்காது, அப்போதுதான் பெயரைப் படிப்பார்கள். குடும்பத்தில் யார் சரி சொன்னால் சரி என்று முதலிலேயே கேட்டு, அந்த ஒருவர் பெயரை எழுதிக்கொள்வேன். வேறு யார் போன் செய்தாலும், "அண்ணே, அப்பாகிட்ட சொல்லிடுங்க, அவர் சொன்னதும் மாத்திடுறேன்." இரண்டு முறை திருத்தம் கூலிக்குள் அடங்கும், மூன்றாவதிலிருந்து தனிக்கூலி. கடைசியாக, நாள், தேதி, முகூர்த்த நேரம், மண்டபம் நான்கையும் அவரே தன் கையால் டைப் செய்து அனுப்ப வேண்டும். "ஆவணி 20, வியாழக்கிழமை, 5-9-2024" என்பதில் தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று நானும் காலண்டரில் பார்ப்பேன். "பிரிண்டுக்குப் போகலாம்" என்ற அவருடைய மெசேஜ் வந்த பிறகுதான் ஃபைல் அச்சகத்துக்குப் போகும்.

ஆரம்பத்தில் சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் அடுத்த கல்யாணத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

24 ஜூலை 2024

கம்பெனி வேலை செய்து மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

உத்யம் பதிவு என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. தனி ஆளாக வேலை செய்கிற நாமும் எடுக்கலாம். அரசு இணையதளத்தில் ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளங்கள் எல்லாம் தரகர் தளங்கள்.

பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் நமக்குத் துணைக்கு வருகிறது. கெடு பற்றி எழுத்தில் எதுவும் பேசவில்லை என்றால், வேலையை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. "எங்க பாலிசி 90 நாள்" என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு சொன்னால் அந்தப் பாலிசி சட்டத்துக்கு முன்னால் நிற்காது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2024 ஜூலையில் அந்த விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது, மூன்று மடங்கு 20.25 சதவீதம்.

கொடுக்க மறுத்தால் வசதியாக்க கவுன்சிலில், அதாவது இந்தப் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பில், புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி நான்கு இடங்களில் இருக்கிறது. அரசு இணையதளம் வழியாகவே போடலாம். தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து, எதிர்த்தரப்பு கோர்ட்டுக்குப் போக நினைத்தால் அந்தத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். நான் புகார் வரை போனது ஒரே ஒரு கம்பெனி விஷயத்தில். புகார் எண்ணை மெயிலில் அனுப்பிய வாரமே பணம் வந்தது.

2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு மாற்றம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கம்பெனி ஆடிட்டர்கள் தாங்களாகவே போன் செய்து, "உங்க உத்யம் நம்பர் கொடுங்க" என்கிறார்கள். காரணம், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 43பி(எச்). குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருடம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. நம் பாக்கி அவர்களுக்கு வரியாக ஏறுகிறது. இத்தனை வருடம் எத்தனை கெஞ்சியும் அசையாதவர்கள் மார்ச் கடைசியில் தாமாகப் பணம் போட்டதை நான் பார்த்தேன்.

25 ஜூலை 2024

நேற்று எழுதியதற்கு எல்லை உண்டு, அதைச் சொல்லாவிட்டால் தவறான நம்பிக்கை கொடுத்ததாகிவிடும். வேலையைச் செய்து கொடுத்துவிட்டுப் பிறகு பதிவு எடுத்தால் பயன் கிடைக்கும் என்று நம்ப முடியாது. பதிவுக்குப் பிந்தைய வேலைக்குத்தான் இந்தச் சட்டம் உதவும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தஞ்சாவூர்த் தம்பிக்கு இது இந்த முறை பயன்படாது, அடுத்த வேலைக்குள் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, 43பி(எச்) பெரிய கணக்கு வைத்திருப்பவர்களைத்தான் அசைக்கும். வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்டி வரி கட்டும் சின்னக் கடைக்காரருக்கு அது பொருட்டே இல்லை. அவரிடம் வேலை செய்பவருக்கு அட்வான்ஸ்தான் கவசம். பாதிப் பணம் வராமல் கோரல்டிராவைத் திறக்காதீர்கள்.

27 ஜூலை 2024

"40,000 பில்லுக்கு 36,000தான் வந்தது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏமாற்றவில்லை. அது டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி. 2024-இல் இருந்த விதிப்படி, தொழில்முறைக் கட்டணம் வருடத்தில் 30,000-ஐத் தாண்டினால் கம்பெனி 10 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் எடுத்துப் பாருங்கள், அதில் 4,000 நிற்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்து, வரி அவ்வளவு வராவிட்டால் திரும்பக் கிடைக்கும். கடைசித் தேதி தாண்டும் முன் உடனே பாருங்கள். 26ஏஎஸ்ஸில் இல்லை என்றால் மட்டும் சண்டைக்குப் போகலாம், அப்போது நானும் வருகிறேன்.

3 ஆகஸ்ட் 2024

ஆடிப்பெருக்கு. சிவகாசியில் இன்று அடுத்த வருடக் காலண்டர்களின் சாம்பிள் ஆல்பம் வெளியிடுவார்கள். முருகன், மீனாட்சி, இயற்கைக் காட்சி, தலைவர்கள் எல்லாம் அந்த ஆல்பத்தில் இருப்பார்கள். அந்தப் படங்களுக்குக் கீழே கடைப் பெயரை வடிவமைக்கும் வேலை இனி தை வரை ஓடும்.

ஆடியில் கல்யாணம் இல்லை, பத்திரிகை வேலை இல்லை. மார்கழியிலும் அப்படித்தான். புதிதாக வருகிறவர்கள் வைகாசி வருமானத்தைப் பார்த்துவிட்டு மாதம் இவ்வளவு வரும் என்று இஎம்ஐ போட்டு லேப்டாப் வாங்கிவிடுகிறார்கள். ஆடியில் திணறி, வருகிற வேலையைக் கேட்ட விலைக்கு ஒத்துக்கொள்கிறார்கள். கூலி இறங்குவது அந்த மாதத்தில்தான். இரண்டு மாதச் செலவு கையில் இருந்தால்தான் வாயில் "முடியாது" வரும்.

நான் ஆடியைப் பாக்கி வசூலுக்கு வைத்திருக்கிறேன். இதில் பெண்களுக்கு ஒரு கூடுதல் கஷ்டம். "வீட்டுக்காரர்கிட்ட போனைக் கொடும்மா, கணக்கை அவரோட பேசிக்கிறேன்" என்பார்கள். வேலை பேசும்போது என்னோடு பேசியவர், திருத்தம் சொல்லும்போது ராத்திரியிலும் என்னோடு பேசியவர், பணம் என்றதும் என் வீட்டுக்காரரைத் தேடுகிறார். முன்பெல்லாம் குரல் நடுங்கும். இப்போது, "வேலை நான்தாங்க செஞ்சேன், கணக்கும் என்கிட்டதான்" என்று சொல்லிவிட்டு அவர் பேசும் வரை பேசாமல் இருப்பேன். பேசிவிடுவார்கள்.

9 ஆகஸ்ட் 2024

பிரியாணிக் கடைத் தம்பியிடமிருந்து செய்தி. பில்லை மெயிலிலும் தபாலிலும் அனுப்பினாராம். கடைக்காரர் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார், பிறகு அவருடைய மைத்துனர் சமாதானம் பேசி 3,500 கொடுத்திருக்கிறார். மீதி 1,500-ஐ விட்டுவிடலாமா என்கிறார். அது உங்கள் விருப்பம், தம்பி. நானாக இருந்தால் லோகோவின் உரிமையை எழுதிக் கொடுக்கும் தாளில் கையெழுத்து அந்த 1,500 வந்த பிறகுதான். அந்தத் தாளில் எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 வருடம்தான் செல்லும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். கிளை திறக்க நினைக்கிற ஆள் என்றால் அந்தக் காகிதம் அவருக்குத்தான் அவசியம்.

சொந்தக்காரர்களுக்கு இலவசமாகச் செய்யலாமா என்று கேட்ட அக்காவுக்கு: செய்வதென்றால் முழுக்க இலவசமாகச் செய்யுங்கள், பாதி விலைக்கு வேண்டாம். பாதி விலை வாங்கினால் அவருக்கு நன்றியும் இருக்காது, நமக்கு முழு வேலையும் இருக்கும். எங்கள் ஊர்க் கோவில் கும்பாபிஷேக அழைப்பிதழுக்கு நான் காசு வாங்கவில்லை. ஆனால் 12,000 ரூபாய்க்கு பில் எழுதி, முழுத் தொகையும் உபயம் என்று போட்டுக் கொடுத்தேன். விழாக் கமிட்டிக் கணக்கில் அது வந்தது. டிசைனுக்கு இவ்வளவு ஆகுமா என்று அங்கே இருந்தவர்கள் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

18 ஆகஸ்ட் 2024

ஓப்பன் ஃபைல் கேட்டால் என்ன செய்வது என்று பலர். பேசிய வேலைக்கு அச்சுக்குப் போகும் பிடிஎஃப் கொடுப்பேன். திருத்தக்கூடிய ஃபைல் வேண்டுமென்றால் தனி விலை, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன். வேலை முடிந்த பிறகு சொன்னால் அது ஃபைலைப் பணயமாகப் பிடித்து வைப்பதுபோல் ஆகிவிடும், அங்கே கிளையண்ட் கோபப்படுவதில் நியாயம் உண்டு. காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவை ஃபைலோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், அந்த உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. எழுத்துரு செய்கிறவரும் நம்மைப் போலத் தனி ஆள்தான்.

2 செப்டம்பர் 2024

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன்: "2021 டிசம்பரில் முடித்துக் கொடுத்த காலண்டர், கேட்லாக் வேலை. 38,000 பாக்கி. கேட்கும்போதெல்லாம் அடுத்த மாசம் என்கிறார். மனுஷன் நல்லவர்தான், இருக்கும்போது கொடுப்பார் என்று விட்டு வைத்திருக்கிறேன்."

நல்லவராகவே இருக்கட்டும் அண்ணே. வேலைக்கூலிக்கு வழக்குப் போட, வேலை முடித்துக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம். உங்களுக்கு இந்த டிசம்பரோடு முடிகிறது. அதற்கு முன் அவரிடம், "இன்ன வேலைக்கு 38,000 ரூபாய் தர வேண்டியிருக்கிறது" என்று தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்குங்கள். வாங்கிவிட்டால் அந்தத் தேதியிலிருந்து 3 வருடம் புதிதாகத் தொடங்கும். நல்லவர் என்றால் இதற்குத் தயங்க மாட்டார். தயங்கினால், தீபாவளி முடியட்டும் என்பார். தீபாவளி அக்டோபர் 31. அதற்குப் பிறகு உங்கள் கையில் ஒன்றிரண்டு மாதம்தான் மிஞ்சும், ஆகவே செப்டம்பருக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.